மண் பாதைக்கும் மதிப்பு உண்டு

சென்னை - பெங்களூர் விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்து விடப்பட்டது. ஹொசகோட்டையில் தொடங்கும் இந்தச் சாலை மாலூர், பங்காருப்பேட்டை வட்டாரங்களைக் கடந்து பேத்தமங்களா பக்கம் வருகிறது. சுமார் 70 கிலோ மீட்டர் தூரம் கார்கள் தடையின்றிப் பறக்கின்றன. வரவேற்க வேண்டிய முன்னேற்றம்தான்.

ஆனால் பறக்கிற கார் பேத்தமங்களாவில் நிற்பதில்லை. காரில் வருகிறவர் ஏரியைப் பார்ப்பதில்லை. கடையில் ஒரு டீ குடிப்பதும் இல்லை. இருசக்கர வண்டிகளுக்கோ அந்தச் சாலையில் அனுமதி கிடையாது. ஊருக்குப் பக்கத்தில் சாலை வந்தது, ஊருக்கு என்ன வந்தது என்று மக்கள் கேட்பதில் தவறில்லை.

அதற்கான விடை விரைவுச் சாலையில் இல்லை. அதன் இருபுறமும் கிடக்கிற மண் பாதைகளில் இருக்கிறது.

ஏரிக்கரைப் பாதை, வண்டிப் பாதை, சரளை கொட்டிய கிராமப் பாதை என்று தங்கவயலிலிருந்து முல்பாகல் வரை எத்தனையோ பாதைகள் உண்டு. பாறைக் குன்றுகளுக்கு இடையிலும், கேழ்வரகுக் கொல்லை, தக்காளித் தோட்டம், மாந்தோப்பு ஓரமாகவும் அவை ஓடுகின்றன. இவற்றைப் பாதி வேலை முடிந்த தார்ச் சாலை என்று நினைப்பதே வழக்கம். உலகத்தின் மறு கோடியில் இப்படிப்பட்ட பாதைகளைத் தேடிப் பணம் செலவழித்துக் கொண்டு வருகிறார்கள்.

இத்தாலி நாட்டின் டஸ்கனி மாநிலத்தில் குன்றுகளுக்கு நடுவே வெள்ளைச் சரளைச் சாலைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்து வந்த காலத்தில், 1997ஆம் ஆண்டு கயோலே என்ற சிற்றூரில் சைக்கிள் ஆர்வலர்கள் ஒரு பயணத்தைத் தொடங்கினார்கள். பழைய சைக்கிளில் பழைய சாலையில் போவது என்பதே அதன் ஏற்பாடு. முதல் ஆண்டு வந்தவர்கள் நூறு பேர் கூட இல்லை. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். வழிகாட்டிப் பலகைகள் நட்ட 209 கிலோ மீட்டர் நிரந்தரப் பாதையும் அங்கே உண்டு. சரளைச் சாலை சைக்கிள் ஓட்டத்துக்கு 2022 முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடக்கிறது.

டஸ்கனியில் குன்றும் பழைய ஊர்களும் இருக்கின்றன. பேத்தமங்களா வட்டாரத்தில் இல்லையா?

பேத்தமங்களாவின் பழைய பெயர் விஜயாதித்ய மங்கலம். பாண மன்னன் பெயரால் அமைந்த ஊர். பாலாற்றின் குறுக்கே உள்ள அதன் ஏரி ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. கரை உடைந்தபோது 10ஆம் நூற்றாண்டில் நொளம்ப மன்னன் செப்பனிட்டதையும், 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி மீண்டும் கட்டியதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. தங்கச் சுரங்கங்களின் தாகத்தைத் தீர்த்ததும் இதே ஏரிதான். லைன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் குடித்தது பேத்தமங்களா தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தமிழகத்துக்கும் போகிறது. சுரங்க வேலைக்கு வடார்க்காட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஆறு இரண்டு பக்கத்திலும் சொந்தம்.

வடக்கே போனால் ஆவணி. இராமர், இலக்குவன், பரதன், சத்துருக்கன் பெயரால் சிவன் கோயில்கள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன, நொளம்பர் காலத்தவை. குன்றின் மேல் சீதைக்குக் கோயில் உண்டு. ஆவணியில் நாற்பது ஆண்டு இருந்து ஐம்பது கோயில்களையும் இரண்டு பெரிய ஏரிகளையும் உண்டாக்கிய துறவி ஒருவரைக் கல்வெட்டு போற்றுகிறது. அதற்கும் அப்பால் முல்பாகல். 1768இல் ஐதர் அலி படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் சண்டை நடந்த இடம். அடுத்தது குருடுமலை. அங்கே ஒரே கல்லில் வடித்த பெரிய பிள்ளையாரும், சோழர் காலச் சோமேசுவரர் கோயிலும் உள்ளன. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. பங்காருப்பேட்டைக்குத் தெற்கே உள்ள பூதிக்கோட்டை, ஐதர் அலி பிறந்த ஊராகச் சொல்லப்படுகிறது.

இத்தனையும் ஒரு நாள், இரண்டு நாள் சைக்கிள் பயணத்தில் அடங்குகிற தூரம். பெங்களூரில் சைக்கிள் ஓட்டுவோர் ஞாயிறு விடிந்தால் நந்தி மலைக்குத்தான் போகிறார்கள். இந்தப் பக்கம் வருவோர் சிலரே. வழி தெரியாது, தங்க இடம் தெரியாது, சைக்கிள் பழுதானால் யாரிடம் போவது என்பதும் தெரியாது.

தங்கவயலுக்கு இது விளையாட்டுக் காரியம் அல்ல. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், இரவு வீடு திரும்புவதே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையாகி விட்டது. பிள்ளை தூங்கும்போது போகிற தகப்பன், பிள்ளை தூங்கிய பிறகு வருகிறான். சைக்கிள் பாதை ஒன்றால் இந்த நிலை மாறிவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பத்து இளைஞர்கள் வழிகாட்டியாகவும், பத்துப் பேர் சைக்கிள் பழுது பார்ப்பவர்களாகவும், பத்து வீடுகள் சாப்பாடு போடும் வீடுகளாகவும் சொந்த ஊரிலேயே பிழைக்க முடிந்தால் அது சிறிய காரியம் அல்ல. காரில் வருகிறவன் பெங்களூரிலேயே சாப்பிட்டு விட்டு வருவான். சைக்கிள் மிதிக்கிறவனுக்குப் பத்து மைலுக்கு ஒரு தடவை பசிக்கும்.

கிராம மக்களுக்குத் தார்ச் சாலை வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற வழியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழியும் மழையில் சேறாகக் கிடப்பது நியாயமல்ல. அவற்றுக்குத் தார் போட்டே ஆக வேண்டும். ஏரிக்கரைப் பாதை, தோப்புப் பாதை, கோயில் குன்றைச் சுற்றிய வண்டிப் பாதை ஆகியவற்றைத்தான் மண்ணாகவே காக்க வேண்டும். அதற்குச் செலவும் குறைவு. மழைத் தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால், குழி விழுந்த இடத்தில் சரளை, கிளை பிரியும் இடத்தில் பலகை போதும்.

எச்சரிக்கையும் தேவை. தங்கவயலில் சயனைடு மண் மேடுகள் உள்ளன. படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று அவற்றின் மேல் சைக்கிள் ஏற்றுவது ஆபத்து. காற்றுக் காலத்தில் அந்தத் தூசியைச் சுவாசித்து அவதிப்படுவது எப்படி என்பதை ஊர் மக்களே சொல்வார்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் உண்டு. பாதை இவற்றை விட்டு விலகியே போக வேண்டும். குழிகளுக்கு வேலி போடுவது வெளியூர்ப் பயணிகளுக்காக மட்டும் அல்ல. ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்காகவும்தான்.

ரயில்வேயும் கை கொடுக்க வேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் பாதை 1894இல் சுரங்கங்களுக்காகப் போடப்பட்டது. அதே பாதை இன்று பயணிகளை அழைத்து வரலாம். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றும் முறை ரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஓரிரு நிமிடமே வண்டி நிற்கிற சிறிய நிலையத்தில் அது ஏட்டில் உள்ள வசதிதான். ஞாயிறு காலை போகும் ஒரு வண்டியிலும், மாலை திரும்பும் ஒரு வண்டியிலும் சைக்கிளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி, நிலையத்திலேயே சீட்டுக் கொடுத்தால் போதும். கூட்ட நாட்களில் வேலைக்குப் போகிறவர்களின் இடத்தைப் பிடுங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சங்கடமும் குறைவு.

முதல் வேலையாக, பேத்தமங்களா ஏரியிலிருந்து ஆவணி வரை ஒரே ஒரு பாதையை மாவட்ட நிர்வாகம் தேர்ந்தெடுத்துப் பலகை நடட்டும். பெரிய திட்டமும் பெரிய விழாவும் தேவையில்லை. வருகிறவர்கள் வந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

ஏரிக்கரை உடைந்தபோது நொளம்பனும் ஹொய்சளனும் புது ஏரி வெட்டவில்லை, இருந்ததைச் செப்பனிட்டார்கள். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அங்கே தண்ணீர் நிற்கிறது. இருக்கிற பாதையைக் காப்பதும் அப்படிப்பட்ட காரியம்தான்.