மனு ஏற்கப்பட்டால் விசா வந்ததாகாது



அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணனோ அக்காவோ இங்குள்ள தம்பி தங்கைக்காக ஐ-130 என்னும் குடியேற்ற மனு போடுகிறார்கள். அது ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்ததுமே நிலத்தை விற்பது, வேலையை விடுவது என்று வீட்டில் பேச்சு எழுகிறது. தயவுசெய்து பொறுங்கள். அந்தக் கடிதம் உறவு உண்மை என்று ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். உடன்பிறப்புகளுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்குச் சுமார் 65,000 விசாக்களே. அதிலும் நாட்டுக்கு 7 சதவீத வரம்பு. இந்தியர்களின் காத்திருப்பு 15 ஆண்டுகளைத் தாண்டுகிறது.

என்னை மிகவும் வருத்துவது பிள்ளைகளின் நிலை. மனு போட்டபோது பள்ளியில் படித்த பிள்ளை, முறை வரும்போது 21 வயதைக் கடந்துவிட்டால் பெற்றோருடன் போக முடியாமல் போகலாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதில் கழிப்பார்கள். ஏற்கப்பட்ட பின் வரிசையில் காத்திருந்த ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இதைப் பெற்றோருக்கு யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிவிப்பை உங்கள் முன்னுரிமைத் தேதியுடன் (மனு பதிவான தேதி) நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம், செலவில்லை. வரிசையில் முன்னே தள்ளிவிடுகிறேன் என்று சொல்லும் தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

– ஒரு வாசகர், திருச்சி