நாலு வருஷ பாண்டு!

இந்த வாரம் அரட்டை கம்மி, புலம்பல் ஜாஸ்தி. பொறுத்துக்கங்க!

எனக்கு பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. ட்ரீட்டும் வெச்சாச்சு. அப்புறம்தான் ஆஃபர் லெட்டர் பின்னாடியே ஒரு பாண்டு பேப்பர் வந்து சேர்ந்தது. ரெண்டு வருஷம் வேலையை விடக்கூடாது. விட்டா ரெண்டு லட்சம் கட்டணும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் அவங்க பீரோவில் இருக்கும். 'எல்லாரும்தானேம்மா போடுறாங்க, போட்டுடு'ங்கிறார் அப்பா. 'லூசாடி நீ?'ங்கிறா ரூம்மேட்.

இந்தக் குழப்பத்துல இருக்கும்போதுதான் பெட்ஃபோர்ட் இத்தாலிக்காரங்க கதை கிடைச்சது. நாங்க சிவில். ஹாஃப்மன் சூளைக்குப் படம் போட்டு 13 மார்க் தேத்தின கோஷ்டி. மினி புராஜெக்ட்டுக்காக அதே சூளையைத் தோண்டினா, உள்ளேயிருந்து மனுஷங்க வர்றாங்க!

பெட்ஃபோர்ட், லண்டனுக்கு வடக்கே சுமார் ஒரு மணி நேர ரயில் தூரம். அதை ஒட்டி ஸ்டூவர்ட்பி மாதிரி செங்கல் கிராமங்கள். இரண்டாம் உலகப்போர்ல இடிஞ்ச இங்கிலாந்தைத் திரும்பக் கட்ட கோடிக்கணக்கில் கல் வேணும். ஆனா சூளை வேலைக்கு உள்ளூர் ஆள் வரமாட்டேங்கிறான். கார் ஃபேக்டரியில் நல்ல சம்பளம் கிடைக்கும்போது எவன் வெந்து சாவான்? அதனால 1951-ல இருந்து செங்கல் கம்பெனிகள் நேப்பிள்ஸ் வரைக்கும் போய் ஆள் எடுத்தாங்க. அந்தக் காலத்து 'ஆஃப் கேம்பஸ்'னு வெச்சுக்கங்க. மெடிக்கல் டெஸ்ட் உண்டு. பாண்டும் உண்டு... நாலு வருஷம்!

வந்தவங்க யாரும் செங்கல் அறுத்துப் பழகினவங்க இல்லை. புஸ்ஸோ, மான்டிஃபால்சியோனே மாதிரி தெற்கு இத்தாலி கிராமங்கள்ல காட்டு வேலை பார்த்தவங்க. தங்க வெச்சது எங்கே தெரியுமா? பழைய போர்க்கைதி முகாம்கள்ல. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டுறதை ஒரு நாள் நிறுத்தலாம் போல இருக்கு.

வேலை எப்படின்னா.. அந்த ஊர்க் களிமண்ணுக்குள்ளயே எரியிற சத்து இருக்கு. சூடு ஏறிட்டா கல் பாதி தானே வேகும். எரிபொருள் செலவு பெரிய அளவுல மிச்சம். இன்ஜினீயருக்கு சூப்பர் விஷயம்! ஊர் முழுக்க கந்தக நாத்தம் அடிச்சது தனிக் கதை. ஹாஃப்மன் சூளையில நெருப்பு நிக்காது, அறை அறையா நகர்ந்துக்கிட்டே இருக்கும். நெருப்பு நிக்காததால ஆளும் நிக்க முடியாது. ஒருத்தர் பச்சைக் கல்லை உள்ளே அடுக்கணும், இன்னொருத்தர் அனல் முழுசா ஆறாத அறைக்குள்ள போய் வெந்த கல்லை வெளியே எடுக்கணும். நான் பரீட்சையில் போட்ட படத்துல அம்புக்குறி இருந்துச்சு, ஆள் இல்லை. மதுரைப் பக்கம் காளவாசல் பார்த்தவங்களுக்கு அந்த அனல் புரியும்.

நிறைய பேர் தாங்க முடியாம ஊருக்கே திரும்பிட்டாங்க. மத்தவங்க நாலு வருஷத்தை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. கணக்கு முடிஞ்சதும் பாருங்க! ஒருத்தர் ஐஸ்க்ரீம் வண்டி வாங்குறார், ஒருத்தர் சலூன் வைக்கிறார், இன்னொருத்தர் மளிகைக் கடை, காபிக் கடை. பின்னாடியே வந்த பெண்கள்ல பலர் மெல்டிஸ் சாக்லேட் ஃபேக்டரிக்குப் போனாங்க. கூட்டுக்காசு போட்டு வீடு வாங்கி, ரூமை சொந்த ஊர்க்காரனுக்கே வாடகைக்கு விட்டாங்க. 1954-ல இத்தாலிக்கு அங்கே ஒரு துணைத் தூதரகமே வந்துடுச்சு. 1965-ல சர்ச்.

ஆனா எல்லாரும் கடை வெச்சாங்கன்னு நினைச்சுடாதீங்க. பாண்டு முடிஞ்சும் சூளையை விடாம, முடி நரைக்கிற வரைக்கும் அங்கேயே வேலை பார்த்தவங்க நிறைய. குடும்பம் வந்தாச்சு, வீட்டுக் கடன் இருக்கு, இங்கிலீஷ் அரைகுறை.. எங்கே போறது? எனக்குப் பயம் வந்தது இந்த இடத்துலதான். ரெண்டு லட்சத்தை நினைச்சுகூட இல்லை.

இத்தாலிக்காரங்களுக்கு அப்புறம் அதே சூளைக்கு நம்ம பஞ்சாப்காரங்களும் பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுக்காரங்களும் வந்தாங்க. குயின்ஸ் பார்க் பகுதியில எல்லாரும் பக்கத்து வீடு! ஸ்டூவர்ட்பி சூளை 2008-ல மூடிடுச்சு. மிச்சம் நின்ன நாலு புகைபோக்கிகளையும் 2021 செப்டம்பர்ல வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க.

ரூம்மேட்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். 'அவங்களுக்கு நாலு, உனக்கு ரெண்டுதானேடி'ன்னா. 'அவங்களுக்கு வேற வழி இல்லை, எனக்கு?'ன்னேன். தலையணை பறந்து வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பரைக் கொடுக்கணும். நேத்து பிளேஸ்மென்ட் ஆஃபீஸர்கிட்ட, 'சார், ஒரிஜினலுக்குப் பதிலா அட்டெஸ்டட் காப்பி கொடுக்கலாமா?'ன்னு கேட்டேன். கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்றேன்னார். பாண்டு போட்ட சீனியர்ஸ் யாராவது இதைப் படிச்சா, உங்க சர்ட்டிஃபிகேட் திரும்பி வர எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்களேன், ப்ளீஸ்!