கையில் எடுக்காமல் வாங்கலாமா பேஸ் கிட்டார்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் வாக்கு. காசு கொடுத்து வாங்கும் மாட்டை என்ன செய்வது என்று அவர்கள் தனியாகச் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்திருக்காது. சந்தைக்குப் போன எவரும் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகே மடியிலிருந்து பணத்தை எடுத்தார்கள்.

இன்று நம் மாணவர்களில் பலர் படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சட்டை, காலணி, கைப்பேசி என்று தொடங்கிய இப்பழக்கம் இசைக்கருவி வரை வந்துவிட்டது. மற்றக் கருவிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால், நம் மன்றத்தின் இசைக்குழுவில் நான்கு ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: முதல் பேஸ் கிட்டாரை மடியில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

“ஒரு கிட்டார் வாங்குவதற்கு இவ்வளவு பெரிய பேச்சா?” என்று நீங்கள் கேட்கலாம். நம் இசையிரவுகளை நினைத்துப் பாருங்கள். பாட ஆள் இருக்கிறது; கீபோர்டுக்கு ஆள் இருக்கிறது; தபேலாவுக்கும் ஒருவர் கிடைத்துவிடுகிறார். பேஸ் வாசிக்கத்தான் ஆண்டுதோறும் ஆள் தேடி அலைகிறோம். 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய இளையராஜாவின் இசையில் பேஸ் கிட்டார் வெறும் பக்கத்துணை அன்று, பாடகரோடு உரையாடும் இன்னொரு குரல். ‘ரோஜா’வில் தொடங்கிய ஏ.ஆர். ரகுமானின் இசைக்கும் கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் பேஸ் பெரும்பலம். அந்தக் குரல் இல்லாமல் அப்பாடல்களை மேடையேற்றினால், அடித்தளம் இல்லாத வீட்டுக்கு வர்ணம் பூசியது போலத்தான் இருக்கும். ஆகவே, ஆர்வத்தோடு வரும் புதியவர் ஒருவர் பாதியிலேயே விலகிப் போவது அவருக்கு மட்டுமான இழப்பு அன்று.

பேஸ் கிட்டாரைச் சாதாரண கிட்டாரின் அண்ணன் என்று நினைப்பவர்கள் உண்டு. உருவம் ஒன்றுபோல் தோன்றலாம். உடம்புக்கு அது வேறு கருவி. இன்றைய பேஸ் கிட்டார்களுக்கு அச்சாக அமைந்தது லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’. அதில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அதே நிறுவனத்தின் சாதாரண மின்கிட்டாரில் 25.5 அங்குலம்தான். இந்த வேறுபாடு விரலில்தான் தெரியும். வீணையில் மெட்டு என்போமே, அதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறோம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை சாதாரண கிட்டாரில் 10 செண்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 34 அங்குல பேஸில் அது ஏறத்தாழ 13 செண்டிமீட்டர். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் கூடுதலாக 3 செண்டிமீட்டர் விரிய வேண்டும். அதுவும் தடித்த தந்தியை அழுத்திக்கொண்டே விரிய வேண்டும். சிலருடைய கைக்கு இது முதல் நாளே படிந்துவிடும். சிலருக்கு மணிக்கட்டில் வலிதான் மிஞ்சும். உங்கள் கை எந்த வகை என்பதை எந்தப் படமும் சொல்லாது.

அடுத்தது எடை. பேஸ் கிட்டார்கள் பெரும்பாலும் நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். மூன்றரைக் கிலோவிலும் உண்டு. ஐந்து கிலோவை நெருங்குவதும் உண்டு. மரம் என்பதால் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில்கூட இரண்டு கருவிகளின் எடை ஒத்திருப்பதில்லை. அதோடு, நின்றுகொண்டு வாசிக்கும்போது சில கருவிகளின் கழுத்துப் பகுதி தரையை நோக்கிச் சாயும். இடக்கையால் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். ஒரு பாடலுக்குத் தாங்கலாம். மூன்று மணி நேர ஒத்திகைக்கு?

கழுத்தின் அகலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1960-இல் வந்த ‘ஜாஸ் பேஸ்’ வகையில் மேல்முனையில் கழுத்தின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். ‘பிரிசிஷன்’ வகையில் 41 முதல் 44 வரை இருக்கும். தாளில் படித்தால் ஐந்தாறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கையில் பிடித்தால் கைப்பிடிச் சுவருக்கும் துடைப்பக் கட்டைக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

“நான் காணொளி பார்த்துவிட்டேன், ஓசை பிரமாதம்” என்று சொல்பவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஓசையை உண்டாக்க முடியாது. அதன் மேற்சுரங்கள் மட்டும் வருகின்றன. மீதியை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டாலும், கேட்பது காணொளி எடுத்தவருடைய விரலையும் அவருடைய ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துத்தான். போதாக்குறைக்கு, பேஸ் கிட்டார்களில் ஓரிடத்தில் மட்டும் ஓசை சட்டென்று அடங்கிவிடும் குறை அடிக்கடி காணப்படுகிறது. மெல்லிய தந்தியின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட்டுகளின் அருகே பெரும்பாலும் இது இருக்கும். கருவிக்குக் கருவி இது மாறும். காணொளியில் வந்த கருவியா உங்கள் வீட்டுக்கு வரப்போகிறது?

இனி, நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2022-இல் நம் குழுவில் சேர ஒரு தங்கை முன்வந்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 600 வெள்ளியில், படத்தைப் பார்த்து ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வரவழைத்தார். கருவியில் எந்தக் குறையும் இல்லை. நானே வாசித்துப் பார்த்தேன். ஆனால் அவருடைய தோளுக்கு அது பாரம். அவருடைய விரலுக்கு அது தூரம். ஒத்திகை முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விற்றவரிடம் கேட்டபோது, “பொருள் நன்றாகத்தானே இருக்கிறது” என்று பதில் வந்தது. அதில் பொய்யில்லை. மூன்று மாதம் முயன்ற பிறகு, பாதி விலைக்குக் கருவியை விற்றுவிட்டார். “பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று உறவினர் சொன்னதை அவரும் நம்பத் தொடங்கிவிட்டார். ரகுமானோடு மேடையேறி பேஸ் வாசிக்கும் மோகினி டே ஒரு பெண் என்பதை நான் சொன்னபோது சிரித்தார்; அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு, குழுவுக்கு வந்த இன்னொருவர் 30 அங்குல பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பால் மெக்கார்ட்னி கையில் வயலின் வடிவில் ஒரு பேஸ் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்த நீளம்தான். ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்த அந்தத் தங்கை அதை வாங்கி மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை விரலை ஓட்டினார். “அண்ணா, இப்படியும் ஒன்று இருக்கிறதா?” என்று கேட்டார். அப்போது அவர் இறுதியாண்டு ஆய்வேட்டில் மூழ்கியிருந்தார். அதன்பின் ஒத்திகைக்கு வரவில்லை. கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஓராண்டு கழித்து வந்தது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ‘லெமன் லா’ எனப்படும் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் நடப்பில் உள்ளன. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொண்டு, பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால், தனிநபர் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, “எனக்கு ஒத்துவரவில்லை” என்பது சட்டத்தின் கண்ணில் குறையே அன்று. பழுதுக்குச் சட்டம் உண்டு. பொருத்தத்துக்கு நம் கையும் தோளும்தான் சாட்சி.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். “வாசிக்கவே தெரியாதவன் கடையில் எதை வாசித்துப் பார்ப்பது?” என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். நான் சொல்வது கச்சேரி செய்து பார்க்கச் சொல்வதன்று. மடியில் வையுங்கள். பிறகு வாரை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். கையை எடுத்துவிட்டால் கழுத்து சாய்கிறதா என்று பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் நான்காவதில் சுண்டு விரலையும் வைத்துப் பாருங்கள். நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். எங்கே உறுமுகிறது, எங்கே ஓசை சட்டென்று சாகிறது என்பது பயிற்சியில்லாத காதுக்கும் கேட்கும். இதற்கு ஒரு பாட்டுகூடத் தெரிந்திருக்க வேண்டாம்.

“கடைக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது” என்பது பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம். பக்கத்தில் ஒருவர் மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, நாம் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தடவிக்கொண்டிருப்பது சங்கடம்தான். 2019-இல் என்னை ஒரு மூத்த மாணவர் அழைத்துச் சென்றார். “வாங்குபவன் நீ, வெட்கப்பட வேண்டியது நீயில்லை” என்று சொல்லி ஆறு கருவிகளை என் மடியில் மாற்றி மாற்றி வைத்தார். எனக்குப் பிடித்த நிறத்தில் இருந்தது என் தோளுக்குப் பிடிக்கவில்லை. அன்று வாங்கிய பேஸையே இன்றும் வாசிக்கிறேன். கூச்சத்துக்கு மருந்து துணைக்கு ஓர் அண்ணனோ அக்காவோதான். நம் தீவில் கடை தொலைவு என்றும் சொல்ல முடியாது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பல்லாண்டுகளாகக் கிட்டார் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம், எம்.ஆர்.டி.யில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

“இணையத்தில் மலிவு” என்பது அடுத்த வாதம். முன்பு விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு வரி இல்லை. 2023 சனவரி முதல், பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும் அத்தகைய பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. நம் ஈரக்காற்றில் வந்து சேரும் மரக்கழுத்து வளையக்கூடும். அதைச் சரிசெய்ய ஒருவரிடம் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்ப நேர்ந்தால், அந்த நீண்ட பெட்டியின் அஞ்சல் செலவு யார் தலையில்? இவற்றையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவா என்று கணக்குப் போடுங்கள்.

கையில் எடுக்காமல் வாங்கவே கூடாது என்று எல்லாருக்கும் நான் விதி எழுதவில்லை. இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு ஏற்ற பேஸ் கடைகளில் அரிது. அவர்கள் வரவழைத்துத்தான் ஆக வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நோய்த்தொற்று முறியடிப்புக் காலத்தில் கடைகள் அடைபட்டபோது யாருக்கும் வேறு வழியில்லை. அத்தகையோர் அதே நீளமும் அதே கழுத்து அகலமும் உள்ள ஒன்றை எங்கேனும் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அனுப்பப்போகும் அதே கருவியைத் தராசில் வைத்து எடை சொல்லக் கேட்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை எழுத்தில் பெற வேண்டும். இம்மூன்றுக்கும் விற்பவர் இணங்காவிட்டால் வேறிடம் பார்ப்பதே நல்லது.

இதைவிட நல்ல வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. நம் மன்றம் இரண்டு பேஸ் கிட்டார்களைச் சொந்தமாக வைத்திருக்கலாம்: ஒன்று 34 அங்குலம், மற்றது 30 அங்குலம். புதிதாகச் சேரும் மாணவர் முன்பணம் கட்டி ஒவ்வொன்றையும் ஒரு மாதம் விடுதிக்கு எடுத்துச் செல்லட்டும். இரண்டு மாத முடிவில், தனக்கு எது வேண்டும் என்பதோ, தனக்கு பேஸே வேண்டாம் என்பதோ அவருக்குத் தெரிந்துவிடும். எந்த முடிவாக இருந்தாலும் அவருடைய 600 வெள்ளி அவரிடமே இருக்கும். “உடைத்துவிட்டால்?” என்று செயலவையில் ஒருவர் கேட்டார். ஒரே இரவில் கழற்றிக் குப்பையில் போடும் மேடை அலங்காரத்துக்கு நாம் ஆண்டுதோறும் செலவிடுகிறோம். பேஸ் கிட்டார் அவ்வளவு எளிதில் உடையாது. தந்தி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிப்பு முடிந்து, வேலை, திருமணம், புதிய வீவக வீடு என்று ஆன பிறகு, உங்கள் பேஸ் கிட்டார் எங்கே இருக்கிறது? கட்டிலுக்கு அடியிலா, அலமாரியின் மேலா? அதை மன்றத்துக்குத் தாருங்கள். தானமாக வரும் அந்த மாட்டின் பல்லை நாங்கள் பார்க்க மாட்டோம். அடுத்த ஆண்டு இசையிரவில் அதன் ஓசை ஒரு புதிய கையிலிருந்து கேட்கட்டும்.