ஆணை ஒரு கையில், பொறுப்பு யார் கையில்?

கரோனா நோய்த்தொற்று உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 2020 ஜூலை 6-ஆம் தேதி, தில்லியில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வெளியாயின. பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்திக்கொள்ள மத்திய உள்துறை அமைச்சகம் அனுமதி அளித்தது. செப்டம்பர் இறுதிக்குள் இறுதியாண்டுத் தேர்வுகளைக் கட்டாயம் நடத்தி முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கல்லூரிகளும் விடுதிகளும் மூடிக் கிடக்க, மாணவர்கள் சொந்த ஊர்களில் முடங்கியிருந்த வேளையில், அவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானித்தவை இந்தச் சுற்றறிக்கைகள்தான்.

யுஜிசியின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்வு எழுதாமலே வழங்கப்படும் பட்டத்தை, வேலை கொடுப்பவர்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். நேரடியாகவோ, இணையவழியிலோ, இரண்டும் கலந்தோ தேர்வை நடத்தலாம். எழுத இயலாதவர்களுக்குப் பின்னர் சிறப்புத் தேர்வு வைக்கலாம் என்றும் அக்குழு கூறியிருந்தது.

ஆனால், தேர்வே வேண்டாம் என்று மகாராஷ்டிரம், தில்லி உள்ளிட்ட மாநில அரசுகள் முடிவெடுத்திருந்தன. கல்வி பொதுப்பட்டியலில் இருந்தாலும், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் அடங்கியுள்ளது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு 2020 ஆகஸ்ட் 28-ஆம் தேதி யுஜிசி நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைக்கலாம். கால நீட்டிப்புக் கோரலாம். தேர்வே இல்லாமல் தேர்ச்சி அறிவிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆணையிடும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஆணையை நிறைவேற்ற மாணவனுக்கு வேண்டிய வசதியைச் செய்து தரும் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை.

தில்லி பல்கலைக்கழகம் புத்தகத்தைப் பார்த்து எழுதும் இணையவழித் தேர்வை அறிவித்தது. ஜூலை 1-ஆம் தேதி தொடங்கவிருந்த தேர்வு, தள்ளிப்போய், உயர்நீதிமன்றப் படியேறி, ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் தொடங்கியது. வினாத்தாளைப் பதிவிறக்கி, விடைகளைக் காகிதத்தில் எழுதி, படமெடுத்து, குறித்த நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18-இல் நடத்திய ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 சதவீதம். ஜம்மு-காஷ்மீரின் பெரும்பாலான மாவட்டங்களில் அப்போது கைப்பேசியில் 2ஜி வேகத்துக்கு மேல் அரசே அனுமதிக்கவில்லை. பார்வைத்திறன் குறைந்த மாணவர்கள் வாசிப்பு வசதிக்காகவும், உடனிருந்து எழுதித் தருவோருக்காகவும் நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் கேட்டிருக்க வேண்டிய மன்றம் எங்கே இருந்தது? மார்ச் 23-ஆம் தேதி ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் செப்டம்பர் 14-ஆம் தேதிதான் மீண்டும் கூடியது. தீர்ப்பே வந்து முடிந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிலைக்குழுக்கள் காணொலி வழியாகக் கூட அனுமதி கேட்டபோது, ரகசியம் காக்கும் விதிகள் குறுக்கே நின்றன. இணையவழிக் கூட்டம் எம்.பி.க்களுக்கு ஒத்துவராது, இணையவழித் தேர்வு மட்டும் மலைக்கிராமத்து மாணவனுக்கு ஒத்துவரும் என்பது விந்தையிலும் விந்தை. மழைக்காலக் கூட்டத்தொடரிலும் கேள்வி நேரம் இல்லை. எழுத்துப்பூர்வ பதில்கள் கிடைத்தன. அமைச்சரை எழுப்பி நிறுத்தித் துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்புதான் கிடைக்கவில்லை.

மாநிலங்களும் இதில் விதிவிலக்கல்ல. கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்ட் 26-ஆம் தேதி தமிழக அரசு அறிவித்தது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு அதை ஏற்கவில்லை. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கலந்தாலோசிக்காமல் அறிவிப்பதில் இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. அலைக்கழிந்தது மாணவர்கள்தான்.

யுஜிசி சட்டப்படி, அதன் ஒழுங்குமுறை விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். வழிகாட்டு நெறிமுறை என்று பெயர் சூட்டிவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால், 2020 நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் வலிமை இருக்கும் ஆணைக்கு, அவையில் பதில் சொல்லும் கடமையும் இருப்பதுதானே முறை?

யுஜிசிக்குப் பதிலாக ஒரே உயர்கல்வி ஆணையம் வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. எந்தப் பெயரில் எந்த அமைப்பு வந்தாலும், அதன் சட்டத்தில் மூன்று பிரிவுகள் இடம்பெற வேண்டும். நெருக்கடிக் கால ஆணைகளுக்கு முன்பு மாநிலங்களுடன் கலந்தாலோசிப்பது கட்டாயமாக வேண்டும். தேர்வின் வடிவத்தை விதிக்கும் அமைப்பே, வசதியற்ற மாணவருக்குக் கருவியும் இணைப்பும் கிடைக்க நிதி ஒதுக்க வேண்டும். எந்தப் பெயரில் வெளியானாலும், அத்தகைய ஆணைகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கான சட்டத்தை, வகுப்பறைகள் திறந்திருக்கும்போதே, அவையும் கூடிப் பேசும்போதே இயற்றிவிடுவதுதான் விவேகம்.