சிவப்பு மை மட்டும் போதுமா?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-ஆம் ஆண்டு வந்தது. முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை செல்வது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இம்மண்ணில் வாழும் எந்த வீட்டுப் பிள்ளையும் தமிழறிந்து வளர்வது அதற்கே நலம். ஆனால், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்க வேண்டிய ஆசிரியருக்கு நாம் தந்திருப்பது என்ன? சட்டம் தந்தோம், பாடநூல் தந்தோம், திருத்தச் சிவப்பு மையும் தந்தோம். போதுமா?

தெலுங்கு வீட்டுப் பிள்ளை, "அம்மா வந்தது" என்று எழுதுகிறது. 'திணை வழு' என்று சுழிக்கிறார் ஆசிரியர். வகுப்பு சிரிக்கிறது, பிள்ளை குறுகிப் போகிறது. அது செய்த குற்றம் என்ன? தெலுங்கில் ஒருமையிலே பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் வினைமுடிவு ஒன்றே. அம்மா வந்தாலும் 'வச்சிந்தி'. பசு வந்தாலும் 'வச்சிந்தி'. தன் தாய்மொழியின் இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றிய பிள்ளைக்கு, இலக்கணமே தெரியாதென்று பட்டம்!

உருது பேசும் பிள்ளைக்குத் தொல்லை வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காது சொல்லும் 'நாங்கள்' இரண்டுக்கும் அம்மொழியில் 'ஹம்' என்ற ஒரே சொல்தான். "நாங்கள் விளையாடலாம் வா" என்று அது தோழனை அழைப்பதில் வியப்பென்ன? தெலுங்குப் பிள்ளைக்கோ இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அதன் மொழியிலும் 'மனமு', 'மேமு' என இரண்டு உண்டு. இருவருக்கும் ஒரே பாடத்தை ஒரே விதமாக ஓதினால், ஒருவருக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சலிப்பூட்டுவோம்; மற்றவருக்குத் தெரியாததை விளக்காமல் விடுவோம்.

இது நேற்று முளைத்த கருத்தன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன் ஆசிரியரைப் பற்றித்தான் பேசினார். கேட்பவன் எவ்வழியில் ஏற்பான் என்றுணர்ந்து கற்பிக்கச் சொன்னார்.

ஆசிரியரைக் குறை கூறுவதல்ல நம் நோக்கம். நன்னூல் கற்றவருக்கு, பக்கத்து வீட்டு மொழியின் அமைப்பையும் சொல்லித் தர வேண்டாமா? தெலுங்கும் உருதுவும் கன்னடமும் மலையாளமும் தமிழோடு எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே விலகுகின்றன என்று காட்டும் கையேடு ஒவ்வொரு தமிழாசிரியர் கையிலும் இருக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியிலேயே அதைப் பாடமாக்க வேண்டும். பிள்ளை முதலில் பேசிப் பழகவும், விதி பிறகு வரவும் பாடவேளையிலே இடம் வேண்டும். பிழை ஏன் வந்தது என்று உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு வகுப்பிலே பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும்.

சட்டம் தமிழை வகுப்பறை வரை கொண்டு வரும். பிள்ளையின் நெஞ்சுக்குள் கொண்டு சேர்க்க ஆசிரியரால்தான் முடியும். சிரிப்புக்கு ஆளான பிள்ளை தமிழை வெறுக்கும். விளக்கம் பெற்ற பிள்ளை தமிழைத் தன்னுடையதாக்கிக் கொள்ளும். எது வேண்டும் நமக்கு?