சைவ உணவும் பன்றி நாடாப்புழுவும்



பன்றி நாடாப்புழு என்றதும் 'நாங்கள் சைவம், எங்களுக்கு வராது' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேகாத பன்றி இறைச்சியைத் தின்பவரின் குடலில் புழு வளரலாம்; பெரும்பாலும் அவரை அது படுத்துவதில்லை. மூளையைத் தாக்குவது அதன் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவர் தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெங்காயத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதைச் சாப்பிட்டவரின் மூளையில் நீர்க்கட்டி உருவாகி வலிப்பு வரலாம். பன்றி இறைச்சியே தொடாத நியூயார்க் வைதீக யூதர்கள் நால்வருக்கு இந்நோய் வந்ததை 1992-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. வேலூர் வட்டாரத்தில் நடந்த ஆய்வு, வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று கண்டது.

காய்கறியைக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். கழுவத்தான் வேண்டும், ஆனால் கழுவிய காயை நறுக்கும் கையில் முட்டை இருந்தால் என்ன பயன்? ஸ்கேனும் மருந்தும் இருக்கின்றனவே என்பாரும் உண்டு. அவை கட்டி வந்த பிறகுதான். ஒழிக்கவே முடியாது என்பதையும் ஏற்பதற்கில்லை. பெருவின் தும்பெஸ் பகுதியில் மக்களுக்குப் புழு மருந்தும் பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்ததில் 107 கிராமங்களில் 105-இல் பரவல் நின்றது; 2016-இல் முடிவு வெளியானது.

மூளையில் இந்த நீர்க்கட்டி கண்டறியப்படும் ஒவ்வொருவரின் வீட்டாருக்கும், அங்கே சமைப்பவருக்கும் மலப் பரிசோதனை செய்து, புழு இருந்தால் உடனே மருந்து கொடுக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகர்