செருப்பு போட்டாலும் குற்றம், செருப்பு மட்டும் போட்டாலும் குற்றம்

2014 ஜூலை 11. சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாடே கொதித்தது. எங்கள் ஆத்தூர் டீக்கடையிலும் அதே பேச்சுதான். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். இனி நம்மையும் எவனும் தடுக்க முடியாது என்று மனசார நம்பினேன்.

போன மாதம் சென்னையில் வேலை பார்க்கிற மகன், பாரும் ஹோட்டலும் சேர்ந்த ஓர் இடத்துக்கு எங்களை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனான். நான் வெள்ளை வேட்டி, சட்டை. அவன் அம்மா, நல்ல நாளைக்கென்று எடுத்துவைத்திருந்த சின்னாளப்பட்டிச் சுங்குடி. வாசலில் நின்றவர் முதலில் என் கறுத்த முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் காலைப் பார்த்தார்.

“செருப்போட விட மாட்டாங்க சார். ஷூ போட்டிருக்கணும்.”

வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்குப் பின்னால் அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக ஒரு சிவத்த பையன் இங்கிலீஷ் பேசிக்கொண்டே வந்தான். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். என்ன தப்பு செய்தாள் அவள்?

1930-இல் இராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியார் எட்டுத் தடை போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, சட்டை பனியன் கூடாது, நகை கூடாது, குடை கூடாது, காலில் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. எங்கள் தாத்தாவும் மேலத்தெருவைத் தாண்டும்வரை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்தான். அவருக்குச் செருப்பு போட்டால் குற்றம். எனக்குச் செருப்பு மட்டும் போட்டிருந்தது குற்றம். காலுக்கு எதைப் போட்டால் ஐயா எங்களை மனுஷனாகச் சேர்ப்பீர்கள்?

2023 மார்ச் 30 அன்று ரோகிணி தியேட்டரில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை நிறுத்தினார்களே, அங்கே உடையைப் பற்றிப் பேச்சே இல்லை. குழந்தைகளின் வயதைக் காரணம் சொன்னார்கள். வீடியோ பரவி ஊரே காறித் துப்பிய பிறகு உள்ளே விட்டார்கள். வாசலுக்கு வாசல் காரணம் மாறும், நிற்கிறவர்கள் நாங்களேதான்.

கடை, உணவகம், பொழுதுபோக்கு இடம் எதிலும் சாதி, இனம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. சாதியென்று வாய்விட்டுச் சொல்லாமல் ஷூ என்று சொல்லிவிட்டால் அதை யார் விசாரிப்பது? விதி என்றால் வாசலில் எழுதி வையுங்கள். டிராயர் போட்ட அந்தப் பையனையும் அதே விதியைச் சொல்லி நிறுத்துங்கள்.

அடுத்த முறைக்கு ஷூ வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். வேண்டாமப்பா. வேட்டியும் இதே செருப்புமாகத்தான் வருவேன். தடுக்கிறவர்கள் காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.